ஐந்தேகால் அடி ஆள் என்.பி.ஏ.வில் 14 வருடம் ஆடினாரா?

தாண்டிக்குடி வாசகர் ஒருவர், ஏப்ரல் 26:

"கூடைப்பந்துக்கு உயரமே தேவையில்லை, ஐந்தேகால் அடி ஆள் ஒருவர் அமெரிக்காவில் 14 வருடம் ஆடினார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சுத்தப் பொய் என்று நினைக்கிறேன். என் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. உயரம் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். அணித் தேர்வுக்குப் போனபோது வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, பந்தைக் கையில்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். இப்படிக் கதை விட்டுப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்."

ஏப்ரல் 26, இரவு 9.50

பொய் இல்லை. அவர் பெயர் மக்ஸி போக்ஸ். 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ. 1987-இல் தொடங்கி 2001 வரை 14 சீசன், 889 ஆட்டங்கள். என்.பி.ஏ.வில், அதாவது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகில், அவரைவிடக் குள்ளமாக இன்றுவரை யாரும் ஆடியதில்லை. நானே டிவியில் பார்த்திருக்கிறேன். இங்கே கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. மீதி நாளை.

ஏப்ரல் 27, காலை 6.20

நினைத்தபடியே கரண்ட் போனது.

1994 என்று நினைக்கிறேன். மதுரையில் கல்லூரி விடுதி. டிவி ரூமில் ஒரு பழைய பெட்டி, கேபிள் கனெக்‌ஷன், படம் முழுக்கப் புள்ளி. நள்ளிரவில் என்.பி.ஏ. ஓடிக்கொண்டிருந்தது. உயரமான ஆட்கள் ஒன்பது பேர் நிற்கிறார்கள், அவர்களின் முழங்கால் மட்டத்தில் பந்து மட்டும் தானாக ஓடுகிறது. ஓடுகிற பந்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது கேமரா பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவன், "டேய், உன்னையவிடக் குட்டைடா" என்றான். நான் 5 அடி 4 அங்குலம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரைவிட ஒரு அங்குலம் உயரமாக இருந்தேன். அன்றிரவு தூங்கவில்லை.

சொந்தப் பெயர் டைரோன் போக்ஸ். 1965-இல் பால்டிமோரில் பிறந்தவர். ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தார். ஐந்து வயதில் துப்பாக்கிச் சூட்டில் சிக்கி ரவைகள் கையிலும் காலிலும் பாய்ந்தன. பன்னிரண்டு வயதில் அப்பா சிறைக்குப் போனார். மக்ஸி என்பது தெருப் பையன்கள் வைத்த பட்டப்பெயர், கிட்டத்தட்ட வழிப்பறிக்காரன் என்று அர்த்தம். யாரிடம் பந்து இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாராம்.

படித்தது டன்பார் என்ற பள்ளி. 1981-82, 1982-83 இரண்டு வருடமும் அந்தப் பள்ளி அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1987-இல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றிலேயே அந்தப் பள்ளிக்காரர்கள் மூன்று பேர் போனார்கள். ரெஜி வில்லியம்ஸ் 4-ஆவது, மக்ஸி 12-ஆவது, ரெஜி லூயிஸ் 22-ஆவது. ஒரு பள்ளி, ஒரே வருடம், மூன்று பேர். எனக்கு அவருடைய உயரத்தைவிட இதுதான் பெரிய ஆச்சரியம்.

தாண்டிக்குடி நண்பரே, பையனைத் தினமும் பந்து தட்டச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 27, மதியம் 1.05

முக்கியமானதை விட்டுவிட்டேன். முதல் வருடம் வாஷிங்டன் அணியில் மக்ஸியுடன் ஆடியவர் மனுட் போல். சூடானிலிருந்து வந்த டிங்கா இனத்துக்காரர், 7 அடி 7 அங்குலம். இருவருக்கும் இடையே 71 செ.மீ. வித்தியாசம். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படம் உலகமெல்லாம் போனது. அந்தப் படத்தைத்தான் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள்.

ஏப்ரல் 28, இரவு 10.15

"சரி, ஆடினார். சும்மா வேடிக்கைக்கு வைத்திருந்திருப்பார்கள்" என்கிறார் தாண்டிக்குடிக்காரர். இவரை ஒப்புக்கொள்ள வைப்பதும் எங்கள் கணவாயில் லாரியை முந்துவதும் ஒன்று.

1989-90 சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 10.7 அசிஸ்ட். தான் கொடுத்த பாஸில் அடுத்தவன் பாயின்ட் எடுத்தால் அது அசிஸ்ட். எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்கினால் அது ஸ்டீல். 1993-94 சீசனில் 10.8 பாயின்ட், 10.1 அசிஸ்ட், இரண்டும் இரட்டை இலக்கம். மொத்த வாழ்க்கையில் 6,726 அசிஸ்ட், 1,369 ஸ்டீல். 1988-இல் போய்ச் சேர்ந்த சார்லட் அணிக்காக அதிக அசிஸ்ட் கொடுத்தவர் இன்னும் அவர்தான். இதுவா வேடிக்கை?

1993 ஏப்ரலில் நியூயார்க் அணியின் பேட்ரிக் யூவிங் எறியப்போன பந்தைத் தட்டியும் விட்டிருக்கிறார். யூவிங் 7 அடி!

ஏப்ரல் 29, காலை 7.00

நேற்று ஆச்சரியக்குறி போட்டது எனக்கே உறுத்துகிறது. முழுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 14 வருடத்தில் மக்ஸி தட்டிய ஷாட் மொத்தம் 39. மனுட் போல் தன் முதல் சீசனில் மட்டும் தட்டியது 397. யூவிங் கதையை ஆள் ஆளுக்குச் சொல்வது அது அபூர்வம் என்பதால்தான். உயரம் உயரம்தான்.

ஆக வாட்ஸ்அப் செய்தியில் ஆள் நிஜம், அதிலிருந்து எடுத்த பாடம் தப்பு. உயரம் தேவையில்லை என்றால் ஐந்தேகால் அடியில் இன்னும் நாலு பேராவது வந்திருக்க வேண்டாமா? ஒருவர்தான் வந்தார். ஐந்தரை அடியை ஒட்டி ஸ்பட் வெப், எர்ல் பாய்கின்ஸ் என்று விரல் விட்டு எண்ணலாம். தாண்டிக்குடி நண்பர் கோபப்பட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் முதல் நாள் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 30, இரவு 8.40

ஒரு சுவையான கதை. 1995 பிளேஆஃப், அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்று. சிகாகோவுக்கும் சார்லட்டுக்கும் ஆட்டம், கடைசி நேரம். பந்து மக்ஸி கையில். காவலுக்கு நின்ற மைக்கேல் ஜோர்டன் இரண்டடி பின்னால் நகர்ந்து, "எறிடா குள்ளா" என்று கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னாராம். மக்ஸி எறிந்தார், விழவில்லை. அதோடு அவருடைய ஷாட்டே போய்விட்டது, அந்த ஒரு சொல்தான் அவர் வாழ்க்கையைக் கெடுத்தது என்பார்கள். விடுதியில் எத்தனையோ ராத்திரி இதைச் சொல்லிச் சொல்லி உருகியிருக்கிறோம்.

மே 1, காலை 6.45

தேனியிலிருந்து ஒருவர் கண்டித்து எழுதியிருக்கிறார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஜோர்டன் கதையை மக்ஸியே மறுத்திருக்கிறார். கணக்கைப் பார்த்தாலும் அது நிற்காது. 1995-96 சீசனில் அவர் ஆடியது வெறும் 6 ஆட்டம். காரணம் முழங்கால், அறுவை சிகிச்சை. அதற்கடுத்த சீசன் திரும்பி வந்தபோது மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உள்ளே விழுந்தது. அவருடைய நல்ல வருடங்களிலேயே அவ்வளவு விழுந்ததில்லை. சொல் குத்தி ஷாட் போயிற்று என்பது எங்கே நிற்கிறது?

முழங்கால் என்றால் கதையில் சுவை இல்லை. ஒரு வார்த்தையில் ஒரு மனிதன் விழுந்தான் என்றால் நமக்குப் பிடிக்கிறது. எனக்கு ஏன் அது அவ்வளவு பிடித்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மே 1, காலை 7.10

இன்னொரு திருத்தம். தனியாக ஒருவருக்கு எழுதியபோது வாஷிங்டன் அணி மக்ஸியைச் சார்லட்டுக்கு விற்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். விற்கவில்லை. 1988-இல் சார்லட்டில் புது அணி தொடங்கினார்கள். புது அணிக்கு ஆள் வேண்டும் அல்லவா? பழைய அணிகள் ஒவ்வொன்றும் 'இவர்களைத் தொடாதே' என்று ஒரு பட்டியல் கொடுக்கும். பட்டியலில் இல்லாதவர்களிலிருந்து புது அணி எடுத்துக்கொள்ளலாம். வாஷிங்டனின் பட்டியலில் மக்ஸி இல்லை. போனால் போகட்டும் என்று விட்டார்கள். விற்றால்கூட ஒரு விலை உண்டு.

அந்தப் போனால் போகட்டும் ஆள் அங்கே 1997 வரை இருந்தார். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

மே 3, இரவு 9.30

தாண்டிக்குடி நண்பர் இன்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "பையன் இல்லை, மகள்."

அவர் முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'பிள்ளை' என்றுதான் இருக்கிறது. பையன் என்று நானாகப் போட்டுக்கொண்டேன். மன்னிக்கவும். என் தங்கச்சி படித்தால் ஒரு வாரம் பேசமாட்டாள்.

அப்படியென்றால் பேச்சே வேறு. மக்ஸி 2005-இல் சார்லட் ஸ்டிங் என்ற பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 2007 தொடக்கத்தில் அந்த அணியைக் கலைக்கும் வரை இருந்தார். அமெரிக்கப் பெண்கள் லீகில் ஷானன் பாபிட் என்று ஒருவர் ஆடினார், 5 அடி 2 அங்குலம். நம் பக்கம் என்றால் அனிதா பால்துரை. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டுப் பெண், 2021-இல் பத்மஸ்ரீ.

பந்து விஷயமும் உண்டு. ஆண்கள் ஆடுவது 7-ஆம் நம்பர் பந்து. பெண்களுக்கு 6-ஆம் நம்பர், சுற்றளவு கொஞ்சம் குறைவு, எடையும் குறைவு. மக்ஸி எம்பினால் நன்றாகவே எம்புவார், ஆனால் கை சின்னது, பந்தை ஒற்றைக் கையால் கவ்விப் பிடிக்க முடியாது. எம்பிப் பந்தை மேலிருந்தே ரிங்குக்குள் அழுத்திப் போடும் டங்க் அடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மகள் எந்தப் பந்தில் பழகுகிறாள்? பாதி இடங்களில் பெண் பிள்ளைகளுக்கும் பழைய 7-ஆம் நம்பரையே உருட்டிவிடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயசுக் கைக்கு அது பூசணிக்காய்.

மே 4, காலை 6.00

"பந்துக்கு வத்தலக்குண்டில் காற்றடித்து வந்தால் இங்கே கல் மாதிரி ஆகிறது, துள்ளித் துள்ளி ஓடுகிறது" என்கிறார் தாண்டிக்குடி நண்பர். ஆகும். கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே வர வர வெளியில் அழுத்தம் குறையும், பந்து உள்ளிருந்து விம்மும். நம் குளிர் அதைக் கொஞ்சம் தணிக்கும், முழுதாகத் தணிக்காது. பேருந்தில் கொண்டுவந்த சிப்ஸ் பாக்கெட் மலைமேல் ஊத்து என்ற ஊர் வரும்போது உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததில்லையா? அதே கதைதான். ஊசி வைத்துக் கொஞ்சம் காற்றை இறக்குங்கள். தலை உயரத்திலிருந்து விட்டால் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டென்வர் அணி தங்கள் ஊர் 1,609 மீட்டர் உயரம் என்று பெருமையடித்துக்கொள்ளும். வெளியூர் அணிகள் அங்கே மூச்சு வாங்குமாம். நம் கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. பெரியகுளத்துப் பையன்கள் இங்கே ஆட வந்தால் முதல் பத்து நிமிடத்தில் வாயைப் பிளந்துவிடுவார்கள். நாங்கள் கீழே போனால் வியர்வையில் கரைந்துவிடுவோம். கணக்குச் சரியாகிவிடும்.

மே 6, இரவு 10.50

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. பெருமாள்மலையில் எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு ரிங் கிடையாது. பேரிக்காய்க் கூடை ஒன்றின் அடியை அறுத்துச் சில்வர் ஓக் மரத்தில் கட்டினோம். 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தும் முதலில் பீச் பழக் கூடையைத்தான் மாட்டினார் என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. அவர் முதலில் அடியை அறுக்கவில்லை, பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி போட்டு எடுத்தார்களாம். அந்த விஷயத்தில் பெருமாள்மலை முந்திக்கொண்டது.

பிறகு ஒரு நல்ல மனிதர் இரண்டு இரும்புக் கம்பமும் ரிங்கும் நட்டுக் கொடுத்தார். தரை மண். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பாஸ் தவறினால் பந்து சாலையைத் தாண்டிக் காபித் தோட்டத்துக்குள் போய்விடும். போய் எடுத்துவர அரை மணி நேரம், அட்டைக்கடி தனி. அதனால் எங்களுக்கு ஒரு சட்டம், எவன் கையிலிருந்து போனதோ அவனே இறங்க வேண்டும். சாயங்காலம் மூடுபனி ஏறிவிட்டால் நடுக்கோட்டிலிருந்து ரிங் தெரியாது. சத்தத்தை வைத்து ஆடுவோம்.

அந்தத் தரையில் பந்தை உயர்த்தித் தட்டினால் தொலைந்தோம், கல்லில் பட்டு எங்காவது ஓடும். முழங்காலுக்குக் கீழேயேதான் தட்ட வேண்டும். அதனால் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் தாழ்வான டிரிபிள், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவது, நன்றாக வரும். விடுதி டிவியில் அந்தத் தாழ்ந்த பந்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்ததற்கு இதுதான் காரணம். மக்ஸி பந்தை எடுத்துப் போகும்போது அது தரைக்கும் அவர் கைக்கும் நடுவில் இருக்கும் தூரம் ரொம்பக் கொஞ்சம். ஆறேமுக்கால் அடி ஆள் குனிந்து கையை நீட்டுவதற்குள் பந்து மறுபக்கம் போய்விடும். அவர்கள் பந்தைத் தரையில் தட்டும்போது இவர் கை ஏற்கெனவே அங்கே இருக்கும். 1,369 ஸ்டீலும் அங்கே எடுத்தவை. ரிங் பத்தடி உயரத்தில் இருக்கிறது, சரி. ஆட்டத்தில் பாதி நேரம் பந்து இருப்பது தரையிலும் இடுப்புக்குக் கீழேயும்தானே.

ஒரு முறை நான் அந்த மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் 42 பாயின்ட் எடுத்திருக்கிறேன். சும்மா சொல்லிவைக்கிறேன்.

மே 7, காலை 6.30

42-ஐப் பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், உண்மைதான். சாட்சி இருக்கிறது.

மே 19, இரவு 11.40

பெரியகுளம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். ஆண்டுதோறும் மே மாதம் அங்கே நடக்கிற அகில இந்தியப் போட்டி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மின்விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், கேலரியில் வேர்க்கடலை, பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ரெஃபரிக்கு விதி சொல்லிக்கொண்டிருப்பார். அடுக்கம் வழியாக பைக்கில் இறங்கினேன். பாதி வழி யானை பயம், பாதி வழி பள்ள பயம்.

கேலரியில் பழைய கூட்டாளி ஒருவனைப் பார்த்தேன், கல்லூரி நாட்களில் கூடவே ஆடியவன். ரயில்வேயில் இருக்கிறான். மக்ஸியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்னையும் உயரத்தைக் காட்டித்தானே கழித்துவிட்டார்கள் என்று பழைய பாட்டைப் பாடினேன். அவன் வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னான், "மாப்ள, உன்னைய உயரத்துக்காக யாருடா கழிச்சது? நீ யாருக்கும் பந்தே குடுக்க மாட்டே. சாரு மூணு தடவ சொன்னாரு. நாலாவது தடவ உக்கார வச்சாரு."

ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை.

மே 20, அதிகாலை 4.50

தூக்கம் வரவில்லை.

முப்பது வருடமாக நான் சொல்லிவரும் கதை இது. உயரம் பார்த்து என்னைக் கழித்தார்கள். பெண்டாட்டிக்குச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மக்ஸியைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறேன். "அவன் 5 அடி 3, நான் 5 அடி 4. எனக்கு மட்டும் ஏன்?" சார் ஒரு நாள், "பின்னாடி நின்னா நீ இருக்கறதே தெரியலையே" என்று சொன்னது உண்மை. அதை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் மூன்று முறை சொன்னதை விட்டுவிட்டேன். ஜோர்டன் கதை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது தெரிகிறது. நானும் ஒரே சொல்லில் விழுந்தவன் என்று காட்டிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

மக்ஸியின் மொத்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 7.7 பாயின்ட், 7.6 அசிஸ்ட். தனக்கு எவ்வளவோ அடுத்தவனுக்கும் அவ்வளவு. எதிரணியிடம் பந்தைத் தொலைப்பதை டர்ன்ஓவர் என்பார்கள். அவர் ஒருமுறை தொலைப்பதற்குள் நாலுக்கு மேல் அசிஸ்ட் கொடுத்துவிடுவார். நாள் முழுக்கப் பந்தைக் கையில் வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கு இது லேசில் வராது. சார்லட்டில் லாரி ஜான்சன், அலோன்சோ மோர்னிங், டெல் கரி என்று எறிய ஆள் இருந்தார்கள். டெல் கரியின் மகன்தான் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ஆட்டக்காரர் ஸ்டெஃப் கரி. அவர்களுக்குச் சரியான நேரத்தில், சரியான கைக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை அவர் பார்த்தார். நான் 42-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. இதை மே 6 அன்று எழுதவில்லை.

மே 20, இரவு 9.15

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஏழெட்டுப் பேர் ஆறுதல் சொல்கிறார்கள். யாரும் சாகவில்லை ஐயா. கவாத்து வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

சாவு என்றதும் ஒன்று. டன்பார் பள்ளிக்காரர் ரெஜி லூயிஸ் என்று சொன்னேன் அல்லவா, அவர் பாஸ்டன் அணியில் பெரிய ஆளானார். 1993 ஏப்ரல் 29, பிளேஆஃப் முதல் ஆட்டம், எதிரணி சார்லட். ஆட்டத்தின் நடுவில் லூயிஸ் மயங்கி விழுந்தார். இதயம். மூன்று மாதம் கழித்து, ஜூலை 27 அன்று, பயிற்சியில் பந்து எறிந்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். வயது 27. அந்தத் தொடரில் சார்லட் ஜெயித்தது, அந்த அணி வரலாற்றில் முதல் பிளேஆஃப் வெற்றி. பள்ளியில் கூட ஆடியவன் எதிர்ப்பக்கம் விழுந்து கிடக்க, அந்த வெற்றியை மக்ஸி எப்படிக் கொண்டாடியிருப்பார்? யூவிங் கதைக்கு இருக்கும் கூட்டம் இதற்கு இல்லை.

மே 22, மதியம் 2.30

"கூடைப்பந்து ஆடினால் சோறு கிடைக்குமா?" தாண்டிக்குடி நண்பரின் அடுத்த கேள்வி. அமெரிக்கக் கதையை விடுங்கள். நம் நாட்டில் இந்த ஆட்டத்தால் பிழைப்பது என்றால் வேலைதான். ரயில்வே, வங்கி, ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம். பெரியகுளம் மாதிரியான போட்டிகளுக்கு வரும் அணிகளைப் பாருங்கள், பாதி இந்தப் பெயர்கள்தான். ஆடும் வரை ஆடிவிட்டு அப்புறம் மேசைக்குப் போய்விடுவார்கள். என் கூட்டாளி அப்படித்தான் போனான். அவனுக்கு ஐந்தே முக்கால் அடி, பெரிய உயரமில்லை. பந்தைக் கொடுப்பான்.

என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியப் பிறப்புக்காரர் சத்னம் சிங். 2015-இல் டல்லாஸ் அணி 52-ஆவது ஆளாக எடுத்தது. பஞ்சாப் கிராமத்துக்காரர், ஏழடிக்கு மேல் உயரம். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆட வாய்க்கவில்லை. உயரம் இருந்தாலும் உத்தரவாதமில்லை. இதைச் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த நினைக்கவில்லை, கேட்டதற்குச் சொல்கிறேன்.

மே 30, மாலை 6.20

பழைய மைதானத்துக்குப் போனேன். கம்பம் இரண்டும் இன்னும் நிற்கின்றன, துருப்பிடித்து. வீட்டிலிருந்து டேப் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள், நாலு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. ரிங் பத்தடி, அதாவது 3.05 மீட்டர் இருக்க வேண்டும்.

பள்ளத்துப் பக்கம் மண் அரித்துப்போய் 10 அடி 3 அங்குலம். மேட்டுப் பக்கம் சாலையிலிருந்து மழைத்தண்ணீர் கொண்டுவந்த மண் ஏறி 9 அடி 2 அங்குலம்.

42-இல் முக்கால்வாசி மேட்டுப் பக்கம்.

மே 30, இரவு 8.00

"அது இந்த முப்பது வருடத்தில் ஏறிய மண்ணாக இருக்கலாமே" என்று பெரியகுளத்துக் கூட்டாளிக்கு போன் செய்து கேட்டேன். "அப்பவே ஒவ்வொரு மழைக்கும் மண்ணு ஏறும். நாங்க அள்ளிப் போடுவோம். நீ மட்டும் அள்ளவேணாம்னு சொல்லுவே" என்றான்.

ஜூன் 2, காலை 6.10

தாண்டிக்குடி நண்பருக்கு: வத்தலக்குண்டில் 6-ஆம் நம்பர் பந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காற்று இறக்கியாயிற்று. ஞாயிறு காலை பெருமாள்மலையில் பழனி சாலை பிரிகிற இடத்தில் டீக்கடைக்கு எதிரே நிற்பேன். மகளைக் கூட்டி வாருங்கள். மைதானம் பக்கத்தில்தான், மண்வெட்டி இரண்டு கொண்டுவருகிறேன். மேட்டுப் பக்கம் அள்ளுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அவள் பள்ளத்துப் பக்கம் பந்து தட்டட்டும். காபித் தோட்டத்துக்குள் போனால் அவளே இறங்கி எடுக்க வேண்டும், அது இங்கே சட்டம்.